ஸ்பீடோமீட்டரின் கடைசி எண்

நீங்கள் கேட்டது இது: "ஹைப்பர்கார், அதாவது உலகிலேயே மிக வேகமான, மிக விலை உயர்ந்த கார்களைச் செய்கிற கம்பெனிகள் மணிக்கு 490 கி.மீ. ஓடியது, 496 ஓடியது என்று மாற்றி மாற்றி அறிவிக்கிறார்கள். அந்த வேகத்தில் ஓட்ட எந்த நாட்டிலும் ரோடு கிடையாது. வாங்குகிறவரும் ஓட்டப் போவதில்லை. அப்புறம் இந்தச் சாதனைக்கு என்னதான் மதிப்பு? 500-ஐ யார் முதலில் தாண்டுவார்கள்?" அந்த எண் பொறியியலா, வெறும் விளம்பரமா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். விளம்பரம்தான் என்று தெரிந்த பிறகும் நமக்கு அதில் ஏன் இந்தக் கிறக்கம் என்பதும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: அந்த எண்ணை நம்பலாமா?

முதலில் என் யோக்கியதை. டயர் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பெரும்பாலும் சாதாரணக் கார்களின் டயர்கள். வேக ரகங்கள் கொஞ்சம். ஹைப்பர்காரில் உட்கார்ந்தது கூடக் கிடையாது. என்ஜின் விஷயத்தில் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளும் அளவுதான் எனக்கும் தெரியும். நானே ஓட்டிய அதிகபட்ச வேகம் மணிக்கு 210 கி.மீ. அதுவும் சோதனைத் தடத்தில், ஹெல்மெட்டோடு. இறங்கிய பிறகு கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது. ஆகவே இதை டயர்காரன் கண்ணால் பார்த்த பதில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் எட்டு மடங்காகும். சாதாரணக் கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது காற்றுக்காகச் செலவிடுவது ஏறக்குறைய 12 குதிரைத்திறன்தான். ஒரு ஹைப்பர்காரின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் தோராயமாக வைத்து நான் போட்ட கணக்கு இது: காற்றுக்கு மட்டும் 300 கி.மீ.க்கு 350 குதிரைத்திறன், 400-க்கு 840, 500-க்கு 1,640. டயர் உருள்வதில் போவது, கியர்பெட்டியில் போவது எல்லாம் இதற்கு மேல். கடைசி நூறு கிலோமீட்டருக்கு 800 குதிரை வேண்டியிருக்கிறது பாருங்கள். 1,600 குதிரைத்திறன் இருந்தும் புகாட்டிக்காரர்கள் 2019-இல் தங்கள் ஷிரோன் காரின் வாலை ஏறக்குறைய 25 செ.மீ. நீட்டினார்கள். குதிரை போதாமல் போகும் இடத்தில் காற்றை ஏமாற்றித்தான் பிழைக்க வேண்டும்.

ஆனால் திறன் காசு கொடுத்தால் கிடைக்கும் சரக்கு. காற்றியக்கத்துக்குக் கணினி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கடைசியில் வந்து முட்டி நிற்கும் இடம் டயர்.

எங்கள் கூடத்தில் 1.7 மீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகு ட்ரம் உண்டு. டயரைக் காற்றடித்து, ரிம்மில் மாட்டி, அந்த ட்ரம் மேல் எடை கொடுத்து அழுத்திச் சுழலவிடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 கி.மீ. கூட்டுவோம். முதலில் ஒன்றும் தெரியாது, சீரான இரைச்சல் மட்டும். வேகம் ஏற ஏற அறையில் ஒரு வாசனை வரும், வெயிலில் காய்ந்த ரப்பர் செருப்பு வாசனை. விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை டயரின் சுழற்சிக்கு ஒத்துவைத்தால் டயர் நிற்பது போலத் தெரியும். அப்போதுதான் அந்த அலையைப் பார்க்கலாம். ட்ரம்மைத் தொட்டு நசுங்கிய இடம், தரையை விட்டு மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் திரும்ப நேரமில்லை. திரும்புவதற்குள் அடுத்த நசுங்கல் வந்துவிடும். டயரின் பக்கச் சுவரில் இரண்டு மூன்று மடிப்புகள், சேலைக் கொசுவம் மாதிரி, அசையாமல் நிற்கும். நிற்கும் அலை என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்துவிட்டால் கூண்டுக் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்ப்போம். அந்த மடிப்பில் வீணாகும் ஆற்றல் முழுக்க வெப்பமாக ரப்பருக்குள் இறங்கும். ஷோல்டரில், அதாவது பக்கச் சுவர் மேல்பரப்போடு சேரும் விளிம்பில், எஃகு பெல்ட்டின் ஓரத்தில், சூடு நூறு டிகிரியைத் தாண்டும். அங்கேதான் முதலில் விரிசல் விடும். பிறகு ட்ரெட், தரையைத் தொடும் அந்த ரப்பர் பட்டை, துண்டு துண்டாகப் பிய்ந்து கூண்டில் அடிக்கும். கடைசியில் பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். அடுத்த கட்டடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

ஒருமுறை 300-ஐ நெருங்கும்போது, சக்கரத்தைச் சமன்படுத்த ரிம்மில் ஒட்டியிருந்த 10 கிராம் ஈயத்துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒட்டும் முன் ரிம்மைச் சரியாகத் துடைக்காதது என் தவறு. கூண்டின் தகட்டில் கட்டைவிரல் ஆழத்துக்குப் பள்ளம். அந்த 10 கிராம் துண்டை அந்த நேரத்தில் வெளியே இழுத்துக்கொண்டிருந்த விசை கிட்டத்தட்ட 15 கிலோ எடைக்குச் சமம். அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

இதே கணக்கை 490 கி.மீ.க்குப் போடுவோம். நொடிக்கு 136 மீட்டர். ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம் போயிருக்கும். டயரின் ஆரம் 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் வெளிப்புறத்தில் இருக்கும் ஒவ்வொரு கிராம் ரப்பரும் ஐந்து கிலோவுக்கு மேல் கனத்து வெளியே பாயப் பார்க்கும். நிமிடத்துக்கு 3,700 முறை அந்த ரப்பர் தரையில் நசுங்கி எழ வேண்டும், அதுவும் இரண்டு டன் வண்டியைச் சுமந்துகொண்டு. 2019 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியின் எரா-லெஸியன் தடத்தில் ஆண்டி வாலஸ் ஷிரோனை 490.484-க்குக் கொண்டுபோன நாளில், மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தார்கள். உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிகளில் ஒன்றுகூட இடம் மாறியிருக்கக் கூடாது. அந்தச் சாதனையில் என்னைக் கவர்ந்த பகுதி 490 அல்ல, அந்த எக்ஸ்ரேதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் சாதனை அறிவிப்புகளின் அடியில் சின்ன எழுத்தில் வரும் ஒரு சங்கதி புரியும். 2010-இல் ஷிரோனுக்கு முந்தைய புகாட்டியான வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட் இரு திசைச் சராசரியாக, அதாவது போனதும் திரும்பி வந்ததும் சேர்த்து, 431.072 கி.மீ. ஓடியது, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வண்டியோ 415-இல் கட்டிப்போடப்பட்டது. 490 ஓடியதன் பெயரில் 30 வண்டிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு வரம்பு 440. ஏன்? டயர். சாதனை ஓட்டத்தில் டயருக்கு எக்ஸ்ரே உண்டு, தடத்தைத் தெரிந்த டிரைவர் உண்டு, பக்கத்தில் டயர் கம்பெனி இன்ஜினியர் உண்டு. வாங்கியவரின் டயர் ஆறு மாதம் கொட்டகையில் நின்றிருக்கும், காற்று குறைந்திருக்கும், எங்காவது ஓர் ஆணியை விழுங்கியிருக்கும். முதல் வேய்ரானில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. உச்ச வேகத்திலேயே ஓட்டினால் டயர் சுமார் 15 நிமிடம் தாங்கும். ஆனால் 100 லிட்டர் டாங்க் 12 நிமிடத்தில் காலி. பெட்ரோல் தீர்ந்து டயர் பிழைத்துக்கொள்ளும்.

அந்த வேய்ரான் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்கள் "பொறியியலா விளம்பரமா" கேள்விக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதற்கு முன் 1998-இல் மெக்லாரன் எஃப்1, என்ஜின் சுழற்சிக்கு வரம்பு போடும் ரெவ் லிமிட்டரைத் தளர்த்திவிட்டு, 386 கி.மீ. ஓடியிருந்தது. ஓட்டியவர் அதே ஆண்டி வாலஸ், தடமும் அதே எரா-லெஸியன். ஆனால் அந்தக் காரை வடிவமைத்த கார்டன் மரே உச்ச வேகத்தைக் குறிவைத்து அதைச் செய்யவில்லை. எடை குறைந்த, நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு வண்டி வேண்டும் என்று செய்தார். வேகம் கூடவே வந்தது. வேய்ரானில் நடந்தது தலைகீழ். அப்போது புகாட்டியை வைத்திருந்த ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெக் முதலில் எண்களைச் சொன்னார்: 1,001 குதிரைத்திறன், 400-க்கு மேல் வேகம், அதே வண்டியில் சாயங்காலம் ஆபராவுக்கும் போக முடிய வேண்டும். இன்ஜினியர்கள் பிறகு அந்த எண்களுக்குள் ஒரு காரை நுழைத்தார்கள். நான்கு டர்போவுடன் 16 சிலிண்டர், சூட்டை வெளியேற்றப் பத்து ரேடியேட்டர். உச்ச வேகத்துக்கு என்று தனியாக ஒரு சாவி; அதைப் போட்டுத் திருப்பினால் வண்டி தரையை ஒட்டித் தாழும், பின்புற இறக்கை மடங்கும். பிரேக்கைத் தொட்டால் அந்த நிலை ரத்து. 2005-இல் 408.47 கி.மீ. ஓடிக் காட்டினார்கள். எண் விளம்பரத்துக்காகச் சொல்லப்பட்டதுதான். அதை நிறைவேற்ற நடந்த வேலையில் பொய் இல்லை. இரண்டும் ஒரே வண்டியில் இருக்கலாம் என்பது என் கருத்து. கோயில் கட்டிய ராஜாவுக்குப் புகழாசை இருந்தது என்பதால் சிற்பியின் உளி பொய்யாகிவிடாது.

சரி, அந்த எண்ணை நம்பலாமா? இங்கேதான் கவனம் வேண்டும். வேகத்தைப் பாதிக்கும் விஷயங்களில் கார் ஒன்று மட்டுமே. மிச்சம் தடமும் காற்றும். இத்தாலியின் நார்டோ தடம் 12 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள முழு வட்டம். வட்டத்தில் ஓடும்போது டயர் எப்போதும் கொஞ்சம் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஓடும், அதில் வேகம் போகும். ஸ்வீடன் கம்பெனியான கோனிக்செக்கின் சிசிஆர் கார் 2005 பிப்ரவரியில் 387.86 கி.மீ. ஓடியது அந்த வட்டத்தில்தான். ஆகவே அதை எரா-லெஸியனின் ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நேர்கோட்டில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

திசை அதைவிட முக்கியம். 2017 நவம்பரில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் நெவாடாவில் மூடப்பட்ட ஒரு பொது நெடுஞ்சாலையில் ஓடியது. போகும்போது 436 சொச்சம், வரும்போது 457 சொச்சம். அதே கார், அதே டிரைவர், அதே சாலை, இருபது கிலோமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத சரிவும் முதுகில் தள்ளும் காற்றும் செய்கிற வேலை அது. சராசரி 447.19 என்று அறிவித்தார்கள், சரியான முறை அதுதான். ஷிரோனின் 490 ஒரே திசை. 2014-இல் ஹென்னஸி வெனம் ஜிடி அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மைய ஓடுபாதையில் எடுத்த 435.31-ம் ஒரே திசை. ஒரே திசை எண்கள் பொய் அல்ல. ஆனால் சராசரியோடு ஒரே பட்டியலில் வைத்தால் பட்டியல் பொய்யாகிவிடும்.

'விற்பனைக்கு வரும் கார்' என்பதற்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. 2013-இல் கின்னஸ் அமைப்பே தடுமாறியது. சாதனை ஓட்டத்தில் வேகத்தைக் கட்டிப்போடும் லிமிட்டர் இல்லை, விற்ற வண்டியில் இருக்கிறது என்று சொல்லி வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட்டின் சாதனையை நிறுத்திவைத்தார்கள். சில நாள் கழித்து, லிமிட்டரை எடுப்பதால் காரின் அடிப்படை வடிவமைப்பு மாறிவிடாது என்று திருப்பிக் கொடுத்தார்கள். டயர்காரனாக எனக்கு இதில் உடன்பாடில்லை. லிமிட்டர் என்பது டயரின் வாக்குமூலம். அதை எடுத்தால் வேறு வாக்குமூலம் ஆகிவிடும்.

நம்பிக்கை மொத்தமாக உடைந்த சம்பவம் 2020 அக்டோபரில் நடந்தது. அமெரிக்காவின் எஸ்எஸ்சி கம்பெனி தன் டுவாட்டாரா கார், அகேரா ஓடிய அதே நெவாடா சாலையில், இரு திசைச் சராசரியாக மணிக்கு 316 மைல், அதாவது 508 கி.மீ. ஓடியதாக அறிவித்தது. ஒரு திசையில் 532 என்றார்கள். வீடியோவும் வந்தது. பார்த்த யூடியூப்காரர்கள் சிலர் செய்தது எட்டாம் வகுப்புக் கணக்கு. சாலையோரம் தெரியும் இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு இடையிலான தூரத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்தார்கள். வீடியோவில் கார் அதைக் கடக்க எடுத்த நொடிகளை எண்ணினார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வந்த வேகம் திரையில் ஓடிய எண்ணைவிட வெகுவாகக் குறைவு. அளவுக் கருவி தயாரித்த நிறுவனமும் அந்த எண்ணைத் தாங்கள் சரிபார்க்கவில்லை என்று கை கழுவியது. கம்பெனி ஒப்புக்கொண்டு மறுபடி ஓடியது. 2021 ஜனவரியில் ஃபுளோரிடாவில் கிடைத்த சராசரி மணிக்கு 282.9 மைல், அதாவது 455 கி.மீ. அது அகேராவைத் தாண்டிய, மெச்சத்தக்க எண். ஆனால் 508 என்று கேட்டுப் பழகிய காதுக்கு 455 தோல்வி மாதிரி ஒலித்தது. அந்த வீடியோ ஏமாற்றும் எண்ணத்தில் செய்யப்பட்டதா, படத்தொகுப்பில் நடந்த குளறுபடியா என்று வெளியே இருந்து என்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. கோடிக்கணக்கான ரூபாய்க் காரை வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு ஸ்டாப்வாட்சால் பிடித்தார்கள் என்பது மட்டும் எனக்குப் பெரிய திருப்தி.

இப்போது மின்சாரக் கார்கள் வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டன. 2022-இல் ரிமாட்ஸ் நெவேரா 412 ஓடியது. 2025 செப்டம்பரில் சீனாவின் பிஒய்டி குழுமத்தைச் சேர்ந்த யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் ஜெர்மனியின் பாப்பன்பர்க் தடத்தில் 496.22-ஐத் தொட்டது. ஓட்டியவர் மார்க் பாஸெங். நீங்கள் படித்த 496 இதுதான். நான்கு மோட்டார், 3,000-க்கு மேல் குதிரைத்திறன், 1,200 வோல்ட் அமைப்பு. பியெக்கின் இன்ஜினியர்கள் 1,001 குதிரையைக் கட்டி இழுக்க வருடக்கணக்காகப் பட்ட பாட்டை நினைத்தால், 3,000 என்ற எண் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது பாருங்கள். பாப்பன்பர்க்கில் நேர்ப்பகுதி வெறும் நான்கு கிலோமீட்டர். சாய்தளமான வளைவிலிருந்தே நல்ல வேகத்தோடு வெளியே வந்து, மின்மோட்டாரின் இழுவையில் அந்த நான்கு கிலோமீட்டருக்குள் மிச்சத்தை எட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். குதிரைப் பஞ்சம் தீர்ந்த பிறகு சாதனையைத் தடுப்பது பேட்டரியின் சூடும் டயரும்தான். ஒரு வகையில் போட்டி எங்கள் துறைக்கே கைமாறிவிட்டது.

உச்ச வேகப் போட்டியால் சாதாரணக் காருக்கு என்ன லாபம் என்று சிலர் நீட்டி முழக்குவார்கள். அதில் பாதிதான் தேறும். டயரின் உள்கட்டு, தரச் சோதனை, பிரேக் இவற்றில் கற்றது கீழே கசிந்து வரும் என்று சொல்லலாம், ஆனால் எவ்வளவு என்று யாரும் அளந்து காட்டியதில்லை. காற்றியக்கத்தில் நிலைமை தலைகீழ். 500-ஐத் தாண்டும் என்று கணக்குக் காட்டிச் செய்யப்பட்ட கோனிக்செக் ஜெஸ்கோ அப்சலூட்டின் காற்றெதிர்ப்புக் குணகம் (எவ்வளவு குறைவோ அவ்வளவு வழுக்கல்) 0.278. மெர்சிடீஸ் ஈக்யூஎஸ் என்ற நாலு கதவு மின்சார செடானுக்கு 0.20. குடும்பத்தோடு உட்கார்ந்து ஏசி போட்டுக்கொண்டு போகிற வண்டி அதைவிட வழுக்கலானது. காரணம் எளிது. ஹைப்பர்கார் சூட்டை வெளியேற்ற வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், தரையோடு அழுத்திக்கொள்ளவும் வேண்டும். செடானுக்கு ஒரு சார்ஜில் நூறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் போதும். சாதாரணக் காரை முன்னேற்றியது மைலேஜ் கவலை. வேகச் சாதனை அல்ல.

பொறியியல் அளவுகோல் வேண்டுமென்றால் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: நின்ற நிலையிலிருந்து 400-ஐ எட்டி மறுபடி நிற்க எத்தனை நொடி. 2017-இல் ஷிரோன் 41.96 நொடி எடுத்தது. சில வாரத்தில் அகேரா ஆர்எஸ் 36.44. 2024-இல் ஜெஸ்கோ 27.83. இதில் பிரேக்கும் சேர்ந்து பரீட்சை எழுத வேண்டும். வேகம் எடுப்பதை எல்லோரும் கைதட்டிப் பார்ப்பார்கள். நிற்பதைப் பார்ப்பவர் குறைவு. 2021-இல் ஒரு செக் நாட்டுப் பணக்காரர் பெர்லினுக்கும் ஹனோவருக்கும் இடையே ஆட்டோபானில், மற்ற வண்டிகள் ஓடும்போதே, ஷிரோனை 417-க்கு அழுத்தி, பிறகு வீடியோ போட்டார். எங்கும் ஓட்ட முடியாது என்று நீங்கள் சொன்னதற்கு அபூர்வமான விதிவிலக்கு. அந்த வேகத்திலிருந்து நிற்க, எல்லாம் சரியாக நடந்தாலும் அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். முன்னால் போகிறவர் கண்ணாடியில் பார்த்து இண்டிகேட்டர் போடுவதற்குள் கதை முடிந்திருக்கும். எனக்கு அந்த வீடியோவைப் பார்க்கக் கோபம்தான் வந்தது.

இவ்வளவு சொல்லியும், ஏன் பிடிக்கிறது? சின்ன வயதில் எங்கள் தெருவில் யாராவது புதுக் கார் நிறுத்தினால் நாங்கள் நான்கைந்து பேர் ஓடிப்போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, இரண்டு கையாலும் வெயிலை மறைத்து உள்ளே பார்ப்போம். சீட்டைப் பார்க்க அல்ல. ஸ்பீடோமீட்டரின் கடைசி எண்ணைப் பார்க்க. "140 போகும்டா!" அம்பாசடரில் அது வெறும் அச்சு என்று எங்களுக்குத் தெரியாது. ட்ரம்ப் கார்டிலும் அதே கதை. எடை, சிலிண்டர் எல்லாம் இருந்தாலும் கையில் நல்ல சீட்டு வந்தவன் முதலில் கத்துவது 'டாப் ஸ்பீட்'. ஒரு காரைப் பற்றி வேறு எது சொன்னாலும் வாதம் வரும். அழகு, சுகம், ஓட்டும் ருசி எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். உச்ச வேகம் ஒற்றை எண். பெரியது ஜெயிக்கும். பதினாறு சிலிண்டர் வாங்குகிற கோடீஸ்வரரும் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிய பையன்தான், அவருக்குக் கையில் காசு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். 490-க்குப் பிறகு, இனி உச்ச வேகப் போட்டியில் இல்லை என்று புகாட்டி அறிவித்தது. ஐந்து வருடம் கழித்து, 2024 நவம்பரில், கூரையில்லாத மிஸ்ட்ராலை 453.91 ஓட்டிவிட்டு அதையும் உலகச் சாதனை என்றே சொன்னார்கள். கூரையில்லாத கார்களில் என்று ஒரு பிரிவு.

கடைசியாக உங்கள் 500. இதை எழுதும் நாள் வரை யாரும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தாண்டவில்லை. ஒரே திசையில் என்றால் 496-க்கும் 500-க்கும் நடுவில் ஒரு நல்ல காலைப்பொழுதும் பின்காற்றும்தான் மிச்சம். இரு திசைச் சராசரி என்றால் இன்னும் தூரம் இருக்கிறது. தரையில் ஒலியைத் தாண்டிய ஜெட் என்ஜின் வண்டி த்ரஸ்ட் எஸ்எஸ்சி 1997-இல் மணிக்கு 1,227 கி.மீ. ஓடியபோது, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி ஓட வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் ஓடியது. ஆனால் அதற்கு ரப்பர் டயரே கிடையாது, முழு அலுமினியச் சக்கரம். ரப்பரில், கடையில் கிடைக்கும் டயரில், போய்த் திரும்பி 500 என்று ஒருவர் அறிவிக்கும் நாளில் நான் காரைப் பார்க்க மாட்டேன். போன ஓட்டத்துக்கும் வந்த ஓட்டத்துக்கும் நடுவில் டயரை மாற்றினார்களா, மாற்றியிருந்தால் கழற்றிய அந்த நான்கையும் யாராவது எக்ஸ்ரே எடுத்தார்களா என்றுதான் முதலில் தேடுவேன்.